ஒரு பிள்ளைச் சட்டமும் ஒரு விவரணப்படமும்

நன்ஃபூ வாங், ஜியாலிங் ஜாங் ஆகிய இருவரும் இயக்கி 2019இல் வெளிவந்த ‘வன் சைல்ட் நேஷன்’ என்ற விவரணப்படம் சீன அரசின் கொடுமையைச் சொல்கிறது. அக்கொடுமையைச் செய்த கைகள் அயலவரதும் உறவினரதும் கைகளே என்று காட்டுவதனாலேயே நான் அதனை முக்கியமானதாகக் கருதுகிறேன். 50,000க்கும் அதிகமான கருக்கலைப்புகளையும் கருத்தடைச் சத்திரசிகிச்சைகளையும் செய்ததாகச் சொல்லும் முதிய மருத்துவிச்சி, பின்னாளில் பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பாவம் தீர்க்க முயல்கிறார். விருதுகள் பெற்ற இன்னொரு உத்தியோகத்தருக்கோ எந்த வருத்தமுமில்லை.

நன்ஃபூ என்ற பெயரிலேயே ‘ஆண்’, ‘தூண்’ என்ற இரு சொற்கள் உள்ளன. பிறந்ததோ பெண். முதற்பிள்ளை பெண்ணானால் கிராமத்தவர் இன்னொன்று பெறலாம் என்ற சலுகையில் தம்பி பிறந்தான். பெண்பிள்ளை அரைப்பிள்ளை என்ற பழைய எண்ணத்துக்கு அரசு இவ்வாறு சட்ட அந்தஸ்து வழங்கியது.

ஆனால் படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. இச்சட்டம் இல்லாவிட்டால் நாடு பட்டினியில் வீழ்ந்திருக்கும் என்கிறார் இயக்குனரின் தாய். இதற்குப் படம் உரிய பதில் தருவதில்லை. 1970இல் பெண்ணொருவருக்குச் சராசரியாக 6க்குக் கிட்டவிருந்த பிறப்பு, 1980இன் கட்டளைக்கு முன்னரே 3க்குக் கீழிறங்கிவிட்டது. 40 கோடிப் பிறப்புகளைத் தடுத்தோம் என்ற அரசின் பெருமை இங்கேயே ஆட்டங்காண்கிறது. இதனைச் சொல்லாமல் விடும்போது, ‘கொடியதுதான், ஆனால் தேவையானது’ என்ற வாதம் தப்பிவிடுகிறது.

2016இல் இரண்டு பிள்ளைகள், 2021இல் மூன்று என்று அனுமதி கூடியிருக்கிறது. அனுமதி வழங்கும் அதிகாரம் மட்டும் அரசிடமே இருக்கிறது.