ஒப்பமும் வாக்குமூலமும்: புதுச்சேரியிலிருந்து ஐரோப்பா சென்றோர் குறித்த இரு நாவல்கள்

ஆய்வுச் சுருக்கம்

'புலம்பெயர் இலக்கியம்' என்னும் வகைமை ஈழத்தமிழ் ஏதிலியரின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு தமிழில் நிலைபெற்றது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு புதுச்சேரியிலிருந்து ஐரோப்பா சென்றோரின் வாழ்வு அவ்வகைமைக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஏதிலி தன் துயரை வாக்குமூலமாக எடுத்துரைத்த பின்னரே வதிவிட உரிமை பெறுகிறார். புதுச்சேரியாரோ ஓர் ஒப்பத்தின் வழியே அவ்வுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர். இவ்வேறுபாடு புனைவின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்பதை நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'மாத்தா ஹரி', அரி கோத்தியேயின் 'லெ திண்ணை' ஆகிய இரு நாவல்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை, புலம்பெயர்வு, மாத்தா ஹரி, லெ திண்ணை, ஏதிலி இலக்கியம்

முன்னுரை

பிரிவுக்கான காரணங்களாக ஓதல், பகை, தூது, பொருள் முதலியவற்றைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். அவ்வகைப்பாட்டில் காரணம் முன்னும் பயணம் பின்னும் நிற்கும். 1983க்குப் பின் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்ற ஈழத்தமிழரின் எழுத்தும் இவ்வரிசைக்கு உட்பட்டதே. போர் காரணமாகிறது, பயணம் தொடர்கிறது, இழந்த மண் எழுத்தாகிறது. தமிழ்த் திறனாய்வு 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் கலைச்சொல்லைப் பெரும்பாலும் இவ்வனுபவத்திலிருந்தே வடித்தெடுத்தது. தாயக ஏக்கம், அடையாள நெருக்கடி, நிறவெறி, தலைமுறை இடைவெளி என்று ஆய்வேடுகள் வழக்கமாகக் கைக்கொள்ளும் கூறுகளும் அதன் வழி வந்தவையே.

புதுச்சேரியில் இவ்வரிசை மாறுகிறது. செல்வதற்கான உரிமை முதலில் ஒரு குடும்பத்தின் கைக்கு வருகிறது. செல்வதற்கான காரணம் பல ஆண்டுகள் கழித்து, சில வேளைகளில் ஒரு தலைமுறை கழித்துத் தோன்றுகிறது. காரணத்துக்கு முன்பே உரிமை அமைந்துவிட்ட ஒரு புலம்பெயர்வை, காரணத்தை மையமாகக் கொண்ட கருவிகளால் அளந்தால் என்ன விடுபட்டுப்போகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒப்பத்தின் வரலாறு

இவ்வரலாற்றில் இரண்டு ஒப்பங்கள் முதன்மையானவை. முதலாவது 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணையின் வழி வந்தது. அவ்வாணையின்படி, பிரெஞ்சிந்தியர் ஒருவர் தம் சமய, சாதி மரபுச் சட்டங்களைத் துறப்பதாக எழுத்தில் அறிவித்துப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னோடியாவார். அவர் ஏற்ற பெயர் 'லபோர்த்'. அச்சொல்லுக்குப் பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள்.

அக்கதவு நேரே பாரிசுக்குத் திறக்கவில்லை. அது சைகோனுக்குத் திறந்தது. துறந்தோர் பலர் கொச்சின்சீனாவின் நிருவாகத்திலும் காவல் பணியிலும் வரித்துறையிலும் அமர்ந்தனர். குடியுரிமை பெற்றவர் என்பதால் ஐரோப்பியருக்கு நிகரான ஊதியமும் மதிப்பும் கோரினர். துறந்தோரில் கிறித்தவர்களும் சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டோரும் மிகுதியாக இருந்தமை கருதத்தக்கது. அவர்களுக்கு அவ்வொப்பம் பிரான்சை நோக்கிய நகர்வாக இருந்ததற்கு முன்னரே சாதியிலிருந்து விலகும் நகர்வாக இருந்தது.

இரண்டாவது ஒப்பம் விடுதலைக்குப் பிந்தியது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிருவாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் நாளிலேயே. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியராயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து வழி அறிவிக்க வேண்டும். சுமார் 5,000 பேர் அவ்வாறு அறிவித்தனர். தந்தையின் அறிவிப்பு, 18 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது.

இவ்விறுதி விதி இலக்கிய ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டியதாகும். ஒப்பமிட்டவர் ஒருவர்; அதன் விளைவை வாழ்ந்தவர் மற்றொருவர். மேலும், 1993 நவம்பர் 1இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடிமகன் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனும் ஆனான். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு உருவாகி, ஒன்றியத்தில் சேராத நார்வேயிலும் குடியேறிப் பணிபுரியும் வாய்ப்பு விரிந்தது. 1962இல் தந்தை பிரான்சை மனத்திற்கொண்டு இட்ட ஒப்பம், மகனுக்குப் பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஓஸ்லோவிலும் வாழும் உரிமையாக வளர்ந்தது. ஒப்பமிட்டவர் எண்ணியும் பார்த்திராத பொருளை அத்தாள் பின்னர் ஏற்றது.

ஏதிலியின் தாளும் குடிமகனின் தாளும்

ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவலில் பிரெஞ்சு அரசுக்கு எழுதப்படும் அகதி விண்ணப்பம் கதையின் உறுப்பாகவே இடம்பெறுகிறது. அது தற்செயலான உத்தி அன்று. புகலிடம் கோருவோர் தமக்கு நேர்ந்ததைக் காலவரிசைப்படி, நம்பத்தக்க வகையில், அதிகாரியின் முன் சொல்லியாக வேண்டும். சொல்லும் திறனே வாழும் உரிமைக்கு வழி. அச்சொல்லலில் மெய் எது, மெய்போல் அமைக்கப்பட்டது எது என்னும் ஐயத்தையே அந்நாவல் தன் வடிவமாக்கிக்கொண்டது. ஈழத்தமிழரின் பாரிஸ் எழுத்தில் தன்வரலாற்றுச் சாயல் மேலோங்கியிருப்பதற்கு இப்பின்புலமும் ஒரு காரணம் எனலாம்.

1962இல் புதுச்சேரியில் ஒப்பமிட்டவரிடம் எவரும் கதை கேட்கவில்லை. ஏன் பிரெஞ்சுக்காரராக இருக்க விரும்புகிறீர் என்பதற்கு அவர் விளக்கம் தர வேண்டியிருக்கவில்லை. ஊரும் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரரைச் 'சொல்தா' என்று ஒரே சொல்லில் அடக்கியது. பொறாமையும் ஏளனமும் மதிப்பும் ஒருங்கே கலந்த சொல் அது. பிரெஞ்சுக் குடியுரிமை திருமணச் சந்தையில் விலைபெறும் சொத்தானதும் ஊரறிந்ததே. ஆயினும் அந்த ஒப்பத்தின் உள்நோக்கமும் அச்சமும் இழப்பும் எந்த அலுவலகத்திலும் சொல்லாக்கப்படவில்லை. வாக்குமூலம் கோரப்படாத இடத்தில் வாக்குமூல இலக்கியம் தழைப்பதில்லை. அங்குப் புனைவு வேறு வாயில்களைத் தேடிச் செல்கிறது. கீழ்வரும் இரு நாவல்களும் அத்தகைய இரு வாயில்கள்.

'மாத்தா ஹரி': பிறர் கதையை அணிதல்

ஸ்ட்ராஸ்பூரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா தமிழில் எழுதுபவர், பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர். அவரது 'மாத்தா ஹரி' நாவலில் புதுச்சேரி வழக்கறிஞரான பவானி, தேவசகாயத்தை மணந்து பிரான்சுக்குச் செல்கிறாள். பிற்காலத்தில் மகள் ஹரிணி, தாயின் வாழ்வையும் மறைவையும் சூழ்ந்த மர்மத்தைத் தேடுகிறாள். இவற்றின் மீது மாத்தா ஹரியின் நிழல் படிகிறது.

மாத்தா ஹரி டச்சுப் பெண். கணவரோடு ஜாவாவில் வாழ்ந்து திரும்பி, பாரிஸ் மேடைகளில் கீழைநாட்டுக் கோயில் நடனக்காரியாகத் தன்னைக் காட்டிக்கொண்டவர். 1917இல் செருமானிய உளவாளி என்று பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கீழைத்தேயப் பெண்ணாக வேடமிட்ட ஐரோப்பியப் பெண்ணின் சாயலை, மெய்யாகவே கீழைத்தேயத்திலிருந்து வந்த பெண்ணின் மீது ஏற்றுவதில்தான் நாவலின் கூர்மை உள்ளது. பவானியைப் பவானியாகக் காண இயலாத பார்வை ஒன்று அவளைச் சூழ்கிறது. அப்பார்வை ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வருவதன்று. கணவன் வடிவில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. திருமணத்தின் வழி நாடு மாறும் பெண்ணுக்குத் தாள் கணவனின் வழியே கிடைப்பது. அவளது பெயரும் இருப்பும் அவனது பதிவேட்டைச் சார்ந்தவை. இச்சார்பின் புனைவு வடிவமாகவே மாத்தா ஹரியின் நிழலை வாசிக்க முடியும்.

எனினும் இந்நாவலின் குறையும் இங்கேயே தொடங்குகிறது. மர்மத்தின் ஈர்ப்பு வலுக்க வலுக்க, சட்ட நிலையின் அன்றாட அழுத்தம் மெலிகிறது. வழக்கறிஞரான ஒரு பெண் தன் தொழிலை விட்டுச் செல்வதன் பொருளாதார இழப்பும் தகுதியிழப்பும் தம்மளவிலேயே பெரும் நாடகம். அந்நாடகத்தைத் தொன்மம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

'லெ திண்ணை': சொல்லாமல் உட்கார்ந்திருத்தல்

அரி கோத்தியே மடகாஸ்கரில் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, நார்வேயின் ஓஸ்லோவில் வாழ்பவர், பிரெஞ்சில் எழுதுபவர். 2018இல் வெளியான 'லெ திண்ணை' குருசுக்குப்பத்தைக் களமாகக் கொண்டது. நெடுங்காலத்துக்குப் பின் ஊர் திரும்பும் கதைசொல்லி, பழைய வீட்டையும் அதன் திண்ணையையும் நினைவில் மீட்கிறான். அத்திண்ணைக்கு ஒரு நாள் வந்தமரும் முதிய பிரெஞ்சுக்காரர் 'ழில்பேர் தாத்தா' தன் குடும்பக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். படையில் பணிபுரிந்தோரின் வீடுகள், துறந்தோர், கலப்பின மரபினரான 'மேல் கிரெயோல்', 'கீழ் கிரெயோல்' பிரிவினர், வீட்டுப் பணியாளர் எனப் பிரெஞ்சுக் குடியுரிமைக்குள்ளேயே நிலவிய படிநிலைகளை நாவல் நகைச்சுவையோடு விரிக்கிறது.

ஐரோப்பா சென்றவன் திரும்பி வருகிறான். ஆனால் கதை சொல்பவர் ஐரோப்பாவிலிருந்து வந்த மற்றொருவர். புதுச்சேரி வீட்டார் கேட்போராக அமைகின்றனர். தன் கதையைச் சொல்லும் தேவை ஊராருக்கு இல்லை என்பதால், சொல்லும் பொறுப்பு வந்தேறியிடம் ஒப்படைக்கப்படுகிறது. வீட்டுக்குள்ளும் சேராமல் தெருவிலும் சேராமல் இருக்கும் திண்ணை, இந்தியாவில் வாழும் பிரெஞ்சுக் குடிமகனின் நிலைக்கு இயல்பான உருவகமாகிறது. ஆசிரியர் அதை வலிந்து விளக்காமல் விட்டிருப்பது நாவலின் வலிமை.

இந்நாவலிலும் ஒரு விடுபடல் உண்டு. சென்றவன் சென்ற இடத்தில் எவ்வாறு வாழ்ந்தான் என்பது கதையின் மையத்துக்கு வருவதில்லை. ஐரோப்பா, நினைவுகூர்வதற்கான தொலைவாக மட்டுமே நிற்கிறது.

எழுதப்படாத உழைப்பு

இரு நாவல்களுக்கும் பொதுவான வெற்றிடம் உழைப்பு. பாரிசின் ஈழத்தமிழ் எழுத்தில் உணவக அடுக்களையும் நெருக்கடியான அறையும் காவல்துறைச் சோதனையும் கதைக்களங்களாயின. புதுச்சேரிப் பிரெஞ்சுத் தமிழர் மிகுதியாகக் குடியேறிய சார்செல், லா கூர்னெவ் போன்ற பாரிசின் புறநகர்களின் வேலைநாள், இவ்விரு புனைவுகளின் கதைமையம் அன்று. சட்டத்தின் முன் குடிமகன், வேலையிடத்தில் வந்தேறி என்னும் இரட்டை நிலைதான் இப்புலம்பெயர்வின் தனிச்சிக்கல். குடியுரிமை உள்ளவன் முறையிட இயலாத அவமதிப்பு ஒன்று உண்டு. ஏதிலிக்கு இரங்கும் சமூகம், தனக்கு நிகரான தாளை வைத்திருக்கும் கரியவனுக்கு இரங்க வேண்டிய தேவையை உணர்வதில்லை. இவ்வனுபவத்தை எழுதும் நாவலுக்கு இவ்விரு நூல்களும் இடம் விட்டு வைத்துள்ளன.

இங்கு இரண்டு மறுப்புகள் எழலாம். எழுதுவோர் தொகை குறைவு என்பதே இவ்விடைவெளிக்குப் போதிய காரணம் என்பது ஒன்று. தொகை குறைவு நூல்களின் எண்ணிக்கையை விளக்கும்; எழுதப்பட்டவை ஏன் தொன்மத்தையும் பிறர் கதையையும் நாடின என்பதை விளக்காது. ஒப்பமிட்டோரின் வழித்தோன்றல்களும் இன்று பிறப்பு, திருமணப் பதிவுகளைக் காட்டித் தம் குடியுரிமையை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. அவ்வாறாயின் அவர்களும் சொல்லியாக வேண்டியவர்களே என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. ஆயினும் அங்குக் கோரப்படுவது துயரின் கதையன்று, மரபுவழியின் சான்று. பெயரில் ஓர் எழுத்துப் பிழை ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தடுக்கக்கூடும் என்னும் நிலை, வாக்குமூலத்தைக் காட்டிலும் ஆவணத்தை மையமாகக் கொண்ட புனைவையே வேண்டி நிற்கிறது.

முடிவுரை

புதுச்சேரியின் பெருநாவல்களான பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகியவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்னும் ஆவணத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டை எழுப்பின. 20ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கும் அத்தகைய ஆவணங்கள் உண்டு: துறவு அறிவிப்பு, குடியுரிமை அறிவிப்பு, பதிவேட்டில் மாறிய பெயர், ஓய்வூதியப் புத்தகம். அவற்றை வரலாற்றாய்வாளர் படித்துள்ளனர். தமிழிலக்கிய ஆய்வு இன்னும் போதிய அளவு படிக்கவில்லை.

இவ்வாய்விலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, புலம்பெயர் இலக்கியத்தை வகைப்படுத்துகையில் பயணக் காரணத்தோடு உரிமை கிடைத்த முறையையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வாக்குமூலத்தின் வழி வந்தவரும் ஒப்பத்தின் வழி வந்தவரும் ஒரே பாரிஸ் தெருவில் வாழ்ந்தாலும் ஒரே கதையைச் சொல்வதில்லை. இரண்டாவதாக, குருசுக்குப்பத்தைக் குறித்து ஓஸ்லோவிலிருந்து பிரெஞ்சில் எழுதப்படும் நாவலைத் தமிழாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துதல் தகாது. தந்தையர் இட்ட ஒப்பம் பிள்ளைகளின் எழுத்துமொழியையும் மாற்றியது. அம்மாற்றத்தைக் காரணம் காட்டி அவர்களை விலக்கினால், விளக்கம் கேளாமலே 'சொல்தா' என்று சொல்லி நகர்ந்த ஊரின் பார்வையையே திறனாய்வும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.