ஒரு சொல்லும் பல பிரதிபதமும்

அந்நிய பாஷையைக் கற்கப் புகுவோர் முதலில் நாடுவது அகராதியையே. பிலிப்பைன்ஸ் தேசத்தில், 1901-ஆம் ஆண்டு அமெரிக்க ஆட்சி ஆங்கிலத்தைப் பள்ளிகளின் போதனாமொழியாக்கியது முதல், ஆங்கிலச் சொல் ஒன்றைத் தலைச்சொல்லாக நிறுத்தி, அதன் அர்த்தங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்நாட்டு மொழியான தகாலோக்கின் பிரதிபதங்களைத் தரும் முறை பெரும் செல்வாக்குப் பெற்றது. அம்முறையின் குணதோஷங்களை நடுநிலையோடு ஆராய்வது, மொழிபெயர்ப்பில் சிரத்தையுள்ள எவருக்கும் பிரயோஜனமாகும்.

'கேரி' என்னும் எளிய ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மூட்டையைச் சுமப்பதும், நோயைத் தாங்கித் திரிவதும், கடையில் ஒரு சரக்கை விற்பனைக்கு வைத்திருப்பதும், சபையில் தீர்மானம் நிறைவேறுவதும், குரல் நெடுந்தூரம் எட்டுவதும் ஆகிய இத்தனையும் அவ்வொரு சொல்லில் அடங்கும். சுமத்தல், கொண்டுவருதல் எனப் பொருள்படும் 'தலா' என்ற தகாலோக் சொல்லை மட்டும் மனனம் செய்த மாணவன், தீர்மானத்தையும் மூட்டைபோல் தூக்கிச் செல்ல முற்படுவான். அங்கே வேண்டுவது 'பினக்தீபாய்', அதாவது உறுதி செய்யப்பட்டது, என்ற சொல் என்று அகராதி பிரித்துக் காட்டும்பொழுது, ஆங்கிலச் சொல்லின் உட்பிரிவுகளும் அவனுக்குத் துலங்குகின்றன. ஆஸ்திரேலியப் பாதிரியார் லியோ ஜேம்ஸ் இங்கிலீஷ் 1965-இல் வெளியிட்ட ஆங்கில-தகாலோக் அகராதி, பிரதிபதங்களோடு உதாரண வாக்கியங்களையும் சேர்த்துத் தந்தது. வாக்கியத்தில் வைத்துக் காட்டப்பட்ட சொல்லே மனத்தில் நிலைக்கும் என்பதை உணர்ந்து செய்த அரிய பணி அது.

ஆயினும், இம்முறையின் குறைகள் அதன் அடித்தளத்திலேயே இருக்கின்றன. சுமத்தல் என்னும் ஒரே செயலைத் தகாலோக் மக்கள் எவ்வளவு நுட்பமாகப் பகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தலையில் வைத்துச் சுமந்தால் 'ஸூனோங்'. தோளில் சுமந்தால் 'பஸான்'. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டால் 'கீலிக்'. கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் 'கிப்கிப்'. கையில் தொங்கவிட்டு எடுத்துச் சென்றால் 'பித்பித்'. நடைநடையாகக் கொண்டு சேர்த்தால் 'ஹாகோத்'. பலர் கூடித் தூக்கினால் 'உஸோங்'. ஊரார் ஒன்றுகூடி ஒரு குடும்பத்தின் வீட்டையே மூங்கில்களில் தாங்கி வேறிடத்துக்குப் பெயர்த்துச் செல்லும் பாயனிஹான் வழக்கம் நிலவிய நாட்டில், கூடிச் சுமப்பதற்கென்று தனிச்சொல் இருப்பது இயல்பே. ஆங்கிலத் தலைச்சொல்லின்கீழ் இவற்றை வரிசையாக அடுக்கிவிட்டால், உடலில் எந்த இடம், எத்தனை பேர், எத்தகைய பொருள் என்ற பேதங்கள் மறைந்து, ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்க பரியாயச் சொற்களே இவை என்ற மயக்கம் வாசகனுக்கு உண்டாகிவிடும்.

இரண்டாவது தோஷம் இலக்கணத்தைச் சார்ந்தது. 'மக்தலா' என்று சொன்னால் ஏதேனும் ஒரு புத்தகத்தைக் கொண்டுவருவது. 'தல்ஹின்' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தைக் கொண்டுவருவது. 'தல்ஹான்' என்றாலோ, யாருக்காகக் கொண்டுவருகிறோமோ அவரே வாக்கியத்தில் பிரதானமாகிவிடுகிறார். வேர்ச்சொல் ஒன்றே; அதனோடு சேரும் ஒட்டு, வாக்கியத்தின் பிரதான ஸ்தானம் யாருக்கு அல்லது எதற்கு என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மொழியின் உயிர்நாடியான இந்த ஏற்பாட்டை வெறும் பிரதிபத வரிசை எவ்வளவு நீண்டாலும் விளக்க இயலாது.

மூன்றாவது, வேர்ச்சொல்லின் குடும்பம் சிதறிப்போவது. கர்ப்பிணியைக் குறிக்கும் 'நக்ததலாங்-தாவோ' என்னும் தொடருக்கு நேர்ப்பொருள் மனிதரைச் சுமந்திருத்தல் என்பது. அதற்கும் வேர் அதே 'தலா'தான். ஆங்கில அகரவரிசையிலோ இது எங்கோ தொலைவில் வேறொரு தலைச்சொல்லின்கீழ்ப் போய் அமர்கிறது. ஒரு சமுதாயம் தாய்மையைச் சுமத்தலோடு பிணைத்துக் கண்ட கருத்து கற்பவன் கண்ணில் படாமலே போகிறது.

இக்குறை ஆங்கிலத்தோடு பிறந்ததன்று. 1613-இல் பீலா நகரில் அச்சான பாதிரியார் சான் புவெனவெந்தூராவின் அகராதியும் ஸ்பானிய மொழியையே முன்னே நிறுத்தியது. போதிக்க வந்தவரின் தேவை அது. 1754-இல் வெளிவந்த நொஸேதா, சான்லூகார் ஆகியோரின் அகராதி தகாலோக்கை முன்னே வைத்தது. எனினும், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் லியோ இங்கிலீஷின் ஆங்கில-தகாலோக் அகராதியே முதலில் வர, அதன் துணையான தகாலோக்-ஆங்கில அகராதி 1986-இல்தான் வெளியாயிற்று. எந்த மொழியிலிருந்து அகராதி புறப்படுகிறதோ அந்த மொழியின் பாகுபாடுகளே உலகத்தின் பாகுபாடுகளாகத் தோன்றும்; அடுத்து நிற்கும் மொழி விடை சொல்லும் நிலையிலேயே நின்றுவிடும்.

ஆகவே என் முடிபு இது: ஆங்கிலச் சொல்லுக்குப் பல பிரதிபதம் தரும் முறை, அந்த ஆங்கிலச் சொல்லை அறிவதற்கு நல்ல கருவி, தகாலோக்கை அறிவதற்கு அது போதாது. அத்தகைய அகராதியைத் தொகுப்போர், ஒவ்வொரு பிரதிபதத்தோடும் அது ஏற்கும் பொருளையும், ஒட்டு வடிவங்களையும், ஒரு வாக்கியத்தையும் தவறாது தருதல் வேண்டும். கற்போரும், ஆங்கிலப் பக்கத்தில் கண்ட சொல்லைத் தகாலோக்கைத் தலைச்சொல்லாகக் கொண்ட அகராதியிலும் ஒருமுறை தேடிப் பார்த்த பிறகே கையாளுதல் வேண்டும்.