துக்க வீட்டின் தண்ணீர்ப் பானை

அக்கினி நட்சத்திரம் எனப்படும் மே மாத உச்ச வெயிலில், சிதம்பரம் – சேத்தியாத்தோப்பு சாலையிலுள்ள கீரப்பாளையம் போன்ற ஊர்களில் இறப்பு நேர்ந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வருவோர், உட்காரும் முன்பே தேடுவது திண்ணையோரம் ஈரமணல்மேல் அமர்த்தப்பட்ட மண்பானையைத்தான். சுடுமண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வறண்ட மேல்காற்று வீசும் முற்பகலில் இது விரைந்து நிகழ்வதும், வங்கக் கடலின் ஈரக்காற்று நுழைந்தபின் தளர்வதும் கடலோரச் சமவெளிக்குரிய இயல்பு. நாள்பட்ட பானையில் உப்புப் படிந்து துளைகள் அடைபடும்.

சுடுகாட்டில் தோளில் சுமந்து வலம்வந்து, சுற்றுதோறும் துளையிட்டு, முடிவில் உடைக்கப்படும் கொள்ளிக்குடமும் மண்ணால் ஆனதே. புறநானூற்றின் 256ஆம் பாடலிலோ, துணையை இழந்த பெண்ணொருத்தி, இறந்தோரை இட்டுப் புதைக்கும் பெருங்கலமான தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையுமாறு குயவரை வேண்டுகிறாள். இவ்வளவு துயரம் படிந்த மண்கலத்தையே, குடம் உடைந்த மறுநாள் காலையில் வீட்டார் ஒருவர் கழுவி நிரப்ப வேண்டியிருக்கிறது. அடுப்பு மூட்டாத நாள்களில் சோற்றை உறவினர் கொண்டுவந்துவிடுவர் என்றாலும், 16ஆம் நாள் சடங்கான கருமாதிவரை வருவோரின் தாகம் காத்திருக்காது. சொல்லெதுவும் கேட்காமல் கைகளுக்குக் கிடைக்கும் இவ்வேலை, ஆறுதல் மொழிகள் பலவற்றினும் மேலானது. அடியிலுள்ள மணலுக்கும் அன்றாடம் நீர் தெளிக்க வேண்டும். அது காய்ந்தால் பானையின் அடிப்பாகம் குளிராது.