ஒரு மாத இன்டர்ன்ஷிப் போதுமா?

சிறிய சுற்றுச்சூழல் அமைப்பில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தால் மாணவர் நிறையக் கற்பார் என்று கல்லூரிகள் நம்புகின்றன. அதில் நியாயம் உண்டு. ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில், வந்த வாரமே ஆர்டிஐ மனு எழுதவும் மீனவர் கூட்டத்தில் குறிப்பெடுக்கவும் ஆள் தேவைப்படும். பெரிய நிறுவனத்தில் அந்த வாய்ப்புக் கிடைக்காது.

இடிப்பது கால அளவுதான். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பான எஸ்எஸ்டிசிஎன்-ஐ எடுத்துக்கொள்வோம். ஆண்டின் முதல் மாதங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இருக்கும். பொரிய 45 நாளுக்குக் குறையாமல் ஆகும். முப்பது நாள் மாணவர், தான் புதைத்த முட்டை என்ன ஆயிற்று என்று தெரியாமலே சான்றிதழோடு போய்விடுவார். எத்தனை பொரிந்தன, எத்தனை கெட்டன என்று எண்ணிப் பார்த்தால்தான் குழியின் ஆழமும் நிழலும் சரியா என்று தெரியும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும் என்பதால் நிழலும் சின்ன விஷயமல்ல. செய்த வேலையின் தவறு தெரியாதவருக்கு அனுபவம் என்று எதைச் சொல்வது?

அமைப்புக்கும் இது லாபமில்லை. பழக்குவதற்கே இரண்டு வாரம் போய்விடும். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் நிர்வாகச் செலவு வரம்பை 2020 சட்டத்திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத நெருக்கடியில், சம்பளமில்லா மாணவரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பும் ஆசை வருவது இயல்பு. அப்போது வருபவர் யார்? பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் வீட்டில் கேட்க முடிந்தவர்தான். இரவு வேலை என்றால், மாலையிலேயே கேட் பூட்டும் விடுதி மாணவிகளும் விலக்கப்படுகிறார்கள்.

முட்டைகளைக் காக்கும் அந்தச் சிறிய அமைப்பின் மாதிரியையும் முழுதாகக் கொண்டாட மாட்டேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வரமுடியாமல் மூழ்கியவையே பெரும்பாலும் என்று கூறப்பட்டது. முட்டை பொறுக்குவது மட்டுமே பாதுகாப்பு என்று நம்பி வெளியேறும் மாணவர், விசைப்படகுத் துறைமுகத்தில் ஒருநாள்கூட நிற்கவில்லையென்றால், பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறார். கூட்டிப் போகாத அமைப்புக்கும் அதில் பங்குண்டு.

என் தீர்ப்பு இதுதான்: சிறிய அமைப்பில் வேலை பார்ப்பது நல்ல படிப்பு, கோடை விடுமுறைக்குள் அடைக்கப்பட்ட ஒரு மாதம் நல்ல படிப்பல்ல. முட்டையிடும் பருவம் முழுக்க, வார இறுதிகளில், பயணப்படியோடு மாணவரை அனுப்பக் கல்லூரி தயாரென்றால் மதிப்பெண் தரட்டும். இல்லையென்றால் அந்த ஒரு மாதத்தைச் சுற்றுலா என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.