டாங்கில் இருக்கிறது, இன்ஜினுக்கு வரவில்லை

பெங்களூரின் ஜீவனஹள்ளிக்கு வடக்கே ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி, தென்கிழக்கே எச்.ஏ.எல். ஓடுதளம். சிறு விமானத்தின் இன்ஜின் சத்தம் பெங்களூருக்குப் புதிதல்ல. அந்தச் சத்தம் நடுவானில் நின்றுபோகக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் எளிதாகத் தவிர்க்கக்கூடியது எரிபொருள் பிரச்சினை. அதற்காகவே உலகெங்கும் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. கிளம்புமுன் டாங்க் மூடியைத் திறந்து, அளவுக்கோடு போட்ட குச்சியை உள்ளே விட்டெடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அடியிலுள்ள வடிகாலைத் திறந்து விமான பெட்ரோலான ஏவ்காஸைக் கொஞ்சம் ஒரு குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். வெளிர்நீலத்துக்கு அடியில் தண்ணீர் முத்து உருண்டால் மறுபடி வடிப்பார்கள். பறக்கும்போது கேஜை மட்டும் நம்பாமல், மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கைக் கடிகாரத்தோடு ஒட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது. ஆனால் அது இன்ஜினுக்குப் போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி. அதை இந்தப் பழக்கம் விமானியின் நினைவாற்றலிடம் விட்டுவிடுகிறது. குறை அங்கேதான்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரையிலான சிறு விமான விபத்துகளை ஆராய்ந்தது. எரிபொருள் கையாள்வதில் நேர்ந்த பிழையால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட விபத்துகள். அவற்றில் 95 விழுக்காட்டில் மனிதத் தவறுக்குப் பங்கு இருந்தது. அவற்றில் சிக்கிய விமானிகளில் பயிற்சி மாணவர்கள் 2 விழுக்காடுதான். ஏறக்குறைய பாதிப்பேர் வணிக உரிமமோ அதற்கு மேற்பட்ட உரிமமோ பெற்றவர்கள். மாணவர்கள் நிலையத்தைச் சுற்றியே குறைந்த தூரம் பறப்பவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் குச்சியும் குப்பியும் கண்காணிப்போடு சேர்ந்தால் பலன் தருகின்றன என்பதை இந்த எண் மறுக்கவில்லை. யோசிக்க வைப்பது இன்னொரு எண். 56 விழுக்காடு விபத்துகளில் எரிபொருள் அடியோடு தீர்ந்துபோனது. 35 விழுக்காட்டில் அது விமானத்திலேயே இருந்தது, இன்ஜினுக்குத்தான் வரவில்லை.

பழைய புல்லட்டும் சேட்டக்கும் ஓட்டியவர்களுக்கு இது புரியும். வண்டி திணறினால் கை தானாகக் கீழே போய் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பும். பல சிறு விமானங்களிலும் இடது டாங்க், வலது டாங்க் என்று திருப்ப இப்படி ஒரு குழாய் உண்டு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் லாங்-ஈசி என்ற சிறு விமானம் விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர் வடிவமைப்பாளர் சொன்ன இடத்தை மாற்றி, அந்தக் குழாயை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டாங்க் என்ற குறியில்லை, திருப்புவதும் கடினம். எரிபொருள் அளவைக் காட்டும் குழல்கள் பின்னால் இருந்ததால், அவற்றைப் பார்க்க டென்வருக்கு ஒரு சிறு கண்ணாடி தரப்பட்டது. தாழப் பறக்கும் விமானத்தில் இன்ஜின் நின்றுவிட, ஒருவர் உடலைத் திருகிப் பின்னால் கைநீட்டுவதை நினைத்துப் பாருங்கள். அந்தத் திருகலிலேயே கால் ரடர் மிதியை அழுத்திவிடக்கூடும்.

கிளம்புமுன் எரிபொருள் நிரப்பலாம் என்றபோது டென்வர்தானே வேண்டாமென்றார், பழியை ஏன் குழாய்மீது போடவேண்டும் என்று கேட்கலாம். அவர் முன்னேற்பாட்டில் பிழை இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் விசாரணை வாரியமே குழாயின் இடத்தையும் குறியில்லாத அளவுக்குழல்களையும் காரணிகளாகச் சேர்த்தது. ஒருவர் தவறுவார் என்று தெரிந்தபின்னும் குழாயை எட்டாத இடத்தில் வைப்பது வடிவமைப்பின் பிழை. செஸ்னா 172இல் இரண்டு டாங்குகளிலிருந்தும் சேர்த்தே எடுக்கும் நிலை ஒன்று குழாயில் இருக்கிறது; அதில் வைத்துவிட்டால் இந்த மறதிக்கு இடமே குறைவு. எல்லா விமானத்திலும் இது முடியுமா என்றால் முடியாது. இறக்கை தாழ்ந்த விமானங்களில் எரிபொருள் தானாக வடிந்து வராது, பம்ப் இழுக்கவேண்டும். இரண்டிலிருந்தும் சேர்த்து இழுக்கும்போது ஒரு டாங்க் காலியானால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். அங்கே டாங்க் மாற்றும் நேரத்தைச் சொல்லும் நினைவூட்டியும் குறைந்த அளவுக்கான எச்சரிக்கை விளக்கும் போதும். எச்சரிக்கைக் கருவி விமானியைச் சோம்பேறியாக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கு இருப்பதால் யாரும் குச்சியை வீசிவிட வேண்டியதில்லை.

கடிகாரக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரின் தரையே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி. விமானக் கையேட்டின் செலவு அட்டவணை, காற்றோடு கலக்கும் எரிபொருளின் விகிதத்தை, அதாவது மிக்ஸ்சரை, உயரத்துக்கேற்பக் குறைத்திருப்பதாக வைத்தே எழுதப்பட்டது. முழு மிக்ஸ்சரிலேயே பறந்துவிட்டு அட்டவணையை நம்பினால், கிளம்பும்போது குச்சி காட்டிய அளவு உண்மையாக இருந்தும் கடிகாரம் பொய் சொல்லும். மழைக்கால ஈரத்தில் இன்னொன்று. வெளியே 20 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டருக்குள் காற்று உறைநிலைக்குக் குளிர்ந்து பனி கட்டலாம், அதுவும் இறங்குவதற்காக விசையைக் குறைத்த நேரத்தில். இரண்டு டாங்கும் நிரம்பியிருக்கும், இன்ஜின் நிற்கும். பனி பிறகு உருகிவிடுவதால் விசாரணைக்குத் தடயமும் மிஞ்சாது.

எழுதிவைத்த செயல்முறையே தவறாக இருந்தால் என்னவாகும் என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 2009 மார்ச் 6 அன்று தேசிய வான்வெளி ஆய்வகத்தின் சரஸ் விமானம் பெங்களூரை அடுத்த பிடதி அருகே விழுந்தது. ஒரு இன்ஜினை வேண்டுமென்றே அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை அது. விமானப்படையைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள். வடிவமைத்தவர்கள் வகுத்த மறு இயக்க முறையே பிழையானது, அதைச் செய்த உயரமும் போதாது என்றது விசாரணை. சரஸ் பெரிய விமானம், இரட்டை இன்ஜின் கொண்டது, எரிபொருள் தீர்ந்த கதையும் அல்ல. ஆனாலும் அந்த மூவரும் செயல்முறையை மறந்தவர்கள் இல்லை, கொடுத்த முறையைச் செய்தவர்கள். அதே ஆய்வகம் 2022 மே மாதம் ஹன்ஸா-என்ஜி என்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்தில் இன்ஜினை அணைத்து இயக்கிப் பார்த்தது. இம்முறை சள்ளகெரேயின் சோதனை வெளிக்கு மேலே, 7,000 முதல் 8,000 அடி உயரத்தில்.