தகட்டெழுத்தும் தமிழ்ச் சுழியும்

படுவான்கரை வயல்களில் விளையும் நெல் சாக்குகளில் ஏறியே வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வருகின்றது. சாக்கின்மீது பெயரோ அடையாளமோ பொறித்தற்கு எளிய வழி, தகரத்தில் எழுத்தை வெட்டி, அதனைச் சாக்கின்மேல் வைத்து மை பூசுதலாகும். 'ஸ்டென்சில்' என்னும் பெயர் ரோனியோப் படியெடுப்புக்குரிய மெழுகுத்தாளுக்கும் வழங்கிற்று. ஈண்டுக் கருதப்படுவது தகட்டெழுத்தே.

இவ்வெழுத்துத் தடித்திருத்தல் அலங்காரத்துக்காக அன்று. சணல் மையை உறிஞ்சும்; மெல்லிய கோடு இழைகளிடையே மறைந்துபோகும். இதன் மற்றோர் இயல்பு பிளவு. ஆங்கில 'ஓ' எழுத்தைச் சுற்றிவர வெட்டினால் நடுத்துண்டும் கழன்று விழ, வெறும் ஓட்டையே மிஞ்சும். நடுத்துண்டைத் தாங்க ஒரு கீற்றை வெட்டாது விடுவர். அதனைப் 'பாலம்' என்பது பொருந்தும். கல்லடியைக் கடப்போருக்கு விளக்கம் வேண்டியதில்லை. தேவையாற் பிறந்த இப்பிளவே பின்னர் அழகாயிற்று. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெரி பவலும் ஹன்ரர் மிடில்ரனும் தனித்தனியே இதனை அச்செழுத்தாக வடித்தனர்.

சுழிகள் மலிந்த தமிழ் தகட்டுக்கு ஒவ்வாது, ஆங்கிலமே வசதி என்பாருளர். இக்கூற்று ஆராயுமிடத்து நிலைபெறாது. 'மட்டக்களப்பு' என்பதில் எழுத்துக்கள் எட்டு. அவற்றுள் ம, க், க, ள ஆகிய நான்குமே மூடிய இடமுடையன. டகரமும் பகரமும் திறந்தே நிற்பன. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்துக்களுள் ஐந்துக்குப் பாலம் வேண்டும். இரண்டிலும் சரிபாதியே! புள்ளியோ தமிழுக்கு வாய்த்த பேறு. ஓலை கிழியுமென அஞ்சி ஏடெழுதியோர் புள்ளியைத் தவிர்த்தனர் என்பர். தகட்டிலோ ஒரே துளையில் அது முடிந்துவிடும்.

அவ்வாறாயின் தமிழ்த் தகட்டெழுத்துப் பலவிடத்தும் இடறுவது ஏன்? குறை எழுத்தினதன்று, பாலம் இடுவோரது. ஆங்கில 'ஓ'வை நடுவே நெடுக்காகப் பிளப்பது போலத் தமிழெழுத்தையும் பிளந்துவிடுகின்றனர். 'ஓ' இருபுறமும் ஒத்தது; அதனைத் தாங்கும். ளகரம் தாங்காது. அதன் வளைவை நடுவில் வெட்டினால் வலப்பகுதி பிரிந்து, துணைக்கால் ஒன்று தனித்து நிற்பது போலத் தோன்றும். வெட்டு, சுழி கோட்டோடு கூடும் இடத்தில் அமைதல் வேண்டும். னகர ணகரங்களிலோ இன்னும் கவனம் தேவை. பள்ளிப் பிள்ளை அவற்றைச் சுழியை எண்ணியே பிரித்தறிகின்றது. கண்டவாறு அறுத்தால் எண்ணிக்கை கெடும்.

தகடு வெட்டுபவர் இடருற்றுத் தமிழைக் கைவிடுமிடத்து இரண்டு ஆங்கில முதலெழுத்துக்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. இதனை மொழிப்பற்றின் குறையென்று பழித்தலினும், நல்ல தமிழ்த் தகடொன்றை வரைந்து அவர் கையிற் கொடுத்தல் பயனுடைத்து. வரைபவர் அதனைத் தாளில் மட்டும் பார்த்து மகிழாது, நெல் நிறைந்து புடைத்த சாக்கின் வளைவிலும் ஒருமுறை பதித்துப் பார்த்தல் நன்று.