புளியமரமும் புளிக்குளமும்

சுந்தர ராமசாமி இயற்றி 1966-இல் நூலாக வெளிவந்த 'ஒரு புளியமரத்தின் கதை' ஒரு மரத்தின் வீழ்ச்சியைக் கூறும் நாவல் என்பது பலரும் கொண்ட முடிபு. அம்முடிபு பிழையன்று, ஆயின் நிறைவுடையதும் அன்று. நாகர்கோயிலை நிலைக்களனாகக் கொண்ட அக்கதையில், மரம் நஞ்சால் மாய்வதற்கு நெடுங்காலம் முன்னரே அதனைச் சூழ்ந்திருந்த புளிக்குளம் மாய்ந்துவிடுகின்றது. கதையின் முதல் இழப்பு நீரே என்பது எம் துணிபு.

குளத்தின் வரலாறு தாமோதர ஆசானின் வாய்மொழியாக வருகின்றது. மன்னர் வருகையின்போது குளத்து நாற்றம் குறையாகத் தோன்ற, அது மண்ணிட்டுத் தூர்க்கப்படுகின்றது. பின்னர்க் காற்றாடித் தோப்பு அழிந்து பூங்காவாகின்றது. இறுதியில் மரமும் வீழ்கின்றது. மூன்றும் ஒரு தொடரே. பின்னைய இரண்டிற்கும் வழி வகுத்தது முதலாவதே.

புறநானூற்றில் குடபுலவியனார், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனை வேண்டுகின்றார். அங்கே மன்னன் கடமை நீரைத் தேக்குதல். நாவலில் மன்னர் வருகையே நீரைத் தூர்க்கக் காரணம். இரண்டிடத்தும் நீர்நிலையின் வாழ்வு அரசைச் சார்ந்தே நிற்கின்றது என்பதும் நோக்கத்தக்கது.

நாறும் குளத்தைத் தூர்த்தல் ஊர்நலமன்றோ எனின், அன்று என்க. நாற்றம் பேணாமையின் விளைவு. அதற்கு மருந்து தூர்வாருதலேயன்றித் தூர்த்தல் அன்று. அம்மருந்தைத் தம் கையாலேயே செய்த வழக்கிற்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்பது அரபு மூலமுடைய சொல்; குடி என்பது நம் சொல். செயலுக்குரிய சொல் கடனாக வந்ததாயினும், செய்வார்க்குரிய சொல் நம்முடையதே. தமிழக அரசு 2017-இல் இப்பெயரை மீண்டும் ஒரு திட்டத்திற்கு இட்டது. எனினும் குடிகள் பங்கு கொள்ளாவிடின் எஞ்சுவது மராமத்து மட்டுமே. கரையோர ஆழமற்ற பகுதிகளையும் ஒருசேரத் தோண்டின் குளம் நீர்த்தொட்டியாகுமேயன்றி, நாரைகள் இரைதேடும் இடமாகாது.

கவிமணி பிறந்த தேரூர்க் குளம் சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. வேம்பனூரும் அவ்வாண்டே அச்சிறப்பைப் பெற்றது. இதே மாவட்டத்தில் நான்குவழிச் சாலை குளங்களினூடே செல்லத் திட்டமிடப்பட்டபோது உழவர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். மடையும் மறுகாலும் அறிந்தோர் குரல் அது. நாவலின் புளிக்குளத்திற்கு இல்லாது போனது அக்குரலே.

எனவே இந்நாவலை மரத்தின் கதையாக மட்டும் பயிற்றுவித்தல் போதாது. குளம் தூர்ந்த இடத்திலிருந்து அதனைப் படிக்கத் தொடங்குதல் வேண்டும். அங்ஙனம் படிப்பார்க்கு, தம் ஊர்க் குளத்தின் கரை எதுவரை இருந்தது என்னும் வினாவும் உடன் எழும். அவ்வினா இலக்கியத்திற்குப் புறம்பானது அன்று.